ஹைப்ரிட் பேட்டரி போச்சு என்று சொன்னவுடன் பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள்

4,800 வெள்ளி (ரிங்கிட்). ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில் கிடந்ததை வழித்தெடுத்தேன், போதாததற்கு சீட்டுப் பணத்தையும் போட்டுக் கட்டினேன். நேற்று ஈப்போவில் பேட்டரியைத் திறந்து பார்த்த பிறகுதான் முழு விஷயமும் தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் காடி (கார்) வைத்திருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பட்டறை பெயரைப் போடவில்லை. நம் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை ஓரமாக ஒரு தகரக் கொட்டகை, பழைய சாமான் வாங்கி விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம். என்னுடையது 2011 டொயோட்டா பிரியஸ், செகண்ட் ஹேண்ட். தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர அது ஒன்றுதான் இருக்கிறது. மீட்டரில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பயந்துபோய் அங்கே ஓட்டிக்கொண்டு போனேன்.

பட்டறைப் பையன் ஸ்கேனரைச் செருகி, பழுதைக் காட்டும் கோட் எண் வந்த திரையை என் பக்கம் திருப்பினான். "பி0ஏ80. பாருங்க அக்கா, பேட்டரிய மாத்துன்னு காடியே சொல்லுது." அப்புறம் பின்னால் திறந்து பேட்டரி கரண்டைத் துண்டிக்கும் ஆரஞ்சு பிளக்கை உருவினான். உருவியவுடன் கை வைக்கவில்லை. உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கு, பத்து நிமிஷம் விடணும் என்று போனில் நேரம் வைத்துவிட்டு, ரப்பர் கையுறையோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு கவனமாக வேலை செய்பவன் ஏமாற்றுவானா என்று தோன்றிவிட்டது. கூட வந்த அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர் என்று தெரிந்ததும், எங்க தாத்தாவும் பால்காட்டுலதான் இருந்தாரு என்று அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் 28 மாட்யூலும் (குட்டி பேட்டரிகள்) மாற்றித் தருகிறேன், ஒரு வருஷ வாரண்டி, 4,800 வெள்ளி என்றான். சரி தம்பி என்றேன். கொட்டகையில் இருந்தே பணத்தை அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம்தான். அதே சிவப்பு முக்கோணம்.

முதல் தடவை கூப்பிட்டபோது, சென்சாராக இருக்கும், பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுங்கள் அக்கா என்றான். அடுத்த தடவை கேஎல்லில் இருந்து சாமான் வரவில்லை. அதற்கடுத்து, நீங்கள் ஏர்கான் அதிகம் போடுகிறீர்களாம். எந்த நாளில் என்று தெரியவில்லை, அக்கா என்பது மேடம் ஆகிவிட்டது. "வாரண்டி பேட்டரிக்குத்தான் மேடம், ஒயரிங்குக்கு இல்ல." அப்புறம் போனையே எடுப்பதில்லை, மெசேஜில் நீல டிக் மட்டும் விழும்.

நேற்று ஈப்போவில் ஒரு சீன அங்கிளிடம் போனேன், பார்ப்பதற்கு 80 வெள்ளி. அவரும் ஸ்கேனர்தான் போட்டார், ஆனால் கோட் எண்ணைப் பார்த்ததோடு நிற்கவில்லை. இந்தக் காடியின் பேட்டரியில் 14 பிளாக், ஒரு பிளாக்கில் இரண்டு மாட்யூல், அதாவது 12 செல். சும்மா நிற்கும்போது 14-உம் ஏறக்குறைய ஒரே வோல்ட் காட்டியது. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏற்றத்தில் எண்ணெய்ப் பெடலை மிதித்தபோது ஏழாவது பிளாக் மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தது. ஒரு செல் 1.2 வோல்ட், அது செத்தால் இப்படித்தான் காட்டும் என்றார். பி0ஏ80 என்றால் ஏதோ ஒரு பிளாக் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றுதான் அர்த்தமாம், மாட்யூலே கெட்டிருக்கலாம், இணைப்புத் தகடு அரித்திருக்கலாம், அதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பையன் அன்று எதையும் அளக்கவே இல்லை, கோட் எண்ணைப் படித்தான், அவ்வளவுதான்.

பேட்டரியைத் திறந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பளபளப்பாக இருந்தது இரண்டே மாட்யூல். மற்ற 26-உம் பழசு, அதுவும் என்னுடைய பழசேதான், ஒன்றின் மேல் இருந்த நீளக் கீறல் அன்று நான் எடுத்த போட்டோவிலும் அப்படியே இருக்கிறது. செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது, தேய்த்துக்கூட வைக்கவில்லை. பேட்டரிக்குக் காற்று தரும் காற்றாடியில் சாம்பல் நிறத் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. காற்று போகாவிட்டால் நம் ஊர் வெயிலில் பேட்டரி வெந்துதான் போகும். இரண்டு மாட்யூலைப் போட்டு, கோட் எண்ணை அழித்து, விளக்கை அணைத்து அனுப்பியதற்கு 4,800 வெள்ளி.

போட்டோக்களை அனுப்பினேன். ஒரே பதில்: "ரீகண்டிஷன்னா அப்படித்தான் மேடம்."

இதைத் தட்டும்போதே கை நடுங்குகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட் எண்ணை மட்டும் படித்துவிட்டு விலை சொன்னால் காடியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஓடும்போது ஒவ்வொரு பிளாக்கின் வோல்ட்டையும் காட்டச் சொல்லுங்கள். பின் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துளையை அடைக்காதீர்கள், காற்றாடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மாற்றியதை மூடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். எத்தனை மாட்யூல் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், என் ரசீதில் "பேட்டரி 1" என்றுதான் இருக்கிறது.

திங்கட்கிழமை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் வழக்கு எடுப்பார்கள், வக்கீல் தேவையில்லை. இதே ஆளிடம் காடி விட்டவர்கள் நம் ஊரில் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், ரசீதையும் எடுத்து வையுங்கள்.