ஏபிசி தூளா, சிஓ2வா, தீப்போர்வையா: வீட்டில் எதைப் பராமரிக்க முடியும்?

மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியோ ஜெலுத்தோங் தரைவீடோ, வீட்டுக்கென்று தீயணைப்புச் சாதனம் வாங்கும்போது போட்டி இந்த மூன்றுக்குள்தான். அணைக்கும் திறனை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறோம். பராமரிக்க முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறும்.

ஏபிசி (அணைக்கும் தீ வகைகளின் எழுத்துக் குறி) தூளில் முக்கியப் பொருள் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். மரம், துணி, பெட்ரோல், மின்சாதனம் எனப் பலவகைத் தீயையும் அணைக்கும். அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று பிள்ளைகள்கூடப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் முள் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. உள்ளே தூள் இறுகிக் கட்டியாகியிருந்தாலும் அது பச்சையில்தான் நிற்கும். அமுக்கினால் வாயு சீறும், தூள் வராது. மாதம் ஒருமுறை கொக்கியிலிருந்து இறக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தூள் சரிந்து ஓடுவது கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தட்டி இளக்க முயலாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். கைப்பிடியைப் பூட்டும் ஊசியும் (பின்) முத்திரையும் இருக்கின்றனவா, குழாயில் வெடிப்பு உண்டா, முனையைப் பூச்சிக் கூடு அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தஞ்சோங் தோக்கோங் போன்ற கடலோரப் பகுதிகளில் அடிப்பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு பொருக்காக உரிந்தால் சாயம் பூசி மறைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். அது அழுத்தம் தாங்கும் உடல்.

"வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஒரு விநாடி அமுக்குவதுதான் பெரிய கேடு. வால்வில் தூள் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் மெல்லக் கசிந்து போய்விடும். கொஞ்சம் அமுக்கியிருந்தாலும் மறுநிரப்பு கட்டாயம். 1 கிலோ உருளை ஏறக்குறைய பத்து விநாடியில் தீர்ந்துவிடும், ஆகவே 2 கிலோ வாங்குங்கள்.

சிஓ2, அதாவது கார்பன் டைஆக்சைடு வாயு உருளை, சுத்தமானது; கணினியிலோ தொலைக்காட்சியிலோ அடித்தால் எச்சம் இருக்காது. ஆனால் அதில் அழுத்தமானி கிடையாது. உருளையில் பொறித்த எடையோடு ஒப்பிட்டு நிறுத்துப் பார்க்க வேண்டும். வாயு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிரப்பியாக வேண்டும். 2 கிலோ உருளைக்கு அது 200 கிராம்; உடல் எடை பார்க்கும் தராசில் அதை நம்பிப் படிக்க முடியாது. சாமி அறை விளக்கிலிருந்து திரைச்சீலையில் பற்றிய தீயை சிஓ2 அடக்கினாலும் கங்கு மறுபடி பிடிக்கும். சின்ன அறையில் மூச்சும் முட்டும். நிறுத்துப் பார்க்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எண்ணெய்ச் சட்டித் தீக்கு, மூடி அணைக்கும் எரியாத துணியான தீப்போர்வைதான். தூளையோ வாயுவையோ கிட்டே நின்று அடித்தால் எரியும் எண்ணெய் தெறிக்கும். தூள் எண்ணெயைக் குளிர்விக்காது, அதனால் அணைந்த தீ திரும்பக் கிளம்பும். கேஸை அடைத்துவிட்டு, போர்வை ஓரத்தைக் கைமேல் மடித்துப் பிடித்து, உங்கள் பக்கமிருந்து அப்பால் நோக்கி விரித்து மூடுங்கள். அரை மணி நேரமாவது திறக்காதீர்கள், சட்டியை நகர்த்தவும் கூடாது. தீபாவளிக்கு முறுக்கு சுடும் பெரிய கடாய்க்கு 1 மீட்டர் போர்வை பத்தாது, 1.2 மீட்டராவது வேண்டும். பராமரிப்பு என்று பெரிதாக எதுவுமில்லை: எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல், இழுக்கும் பட்டைகள் வெளியே தொங்கினால் போதும். ஒருமுறை தீயில் போட்டதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

ஆக, வாசல் கதவருகே 2 கிலோ தூள், சமையலறையில் அடுப்புக்கு மேலே இல்லாமல் கொஞ்சம் தள்ளி ஒரு போர்வை. வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரையையும் தயாரித்த வருஷத்தையும் பாருங்கள். கடையில் வெகுநாள் அடுக்கிக் கிடந்த சரக்கிலும் தூள் இறுகியிருக்கலாம், அங்கேயே கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.