64 வயதில் எம்.ஏ. வரலாறு: தொலைநிலைக் கல்வி மையம் எப்படி இருக்கிறது?

நான் படிப்பது எங்கள் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலைக் கல்வி மையத்தில். பெயர் வேண்டாம், இந்தக் குறைகள் அங்கே மட்டும் இருப்பவை அல்ல. முதல் வருடம் முடிந்துவிட்டது, ஓய்வு பெற்ற பிறகு படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். 5க்கு 3 கொடுப்பேன், அந்த மூன்றும் வகுப்பறைக்காக.

வயது வரம்பு கிடையாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள், அதை நம்பித்தான் போனேன். ஆன்லைன் படிவத்தில் பிறந்த வருடம் 1970க்குக் கீழே இறங்கவே இல்லை, நான் பிறந்தது 1961. இரண்டு நாள் போராடிவிட்டு நேரில் போனால் காகிதப் படிவம் கொடுத்தார்கள், அதில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் என்று ஓர் இடம். அப்பா போய் இருபது வருடமாகிறது, யாரிடம் வாங்குவது என்று கேட்டேன். "பையன் இருந்தா போடச் சொல்லுங்கம்மா, இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ராஜ்குமார் வைஷ்யா என்ற பெரியவர் பாட்னாவின் நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 98 வயதில் எம்.ஏ. பொருளியல் முடித்தார், 2017இல். அவர் செய்தியைத் தேடி எடுத்து இன்னொரு முறை படித்த பிறகுதான் மறுநாள் பணம் கட்டப் போனேன்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் ஞாயிறன்று பூட்டியிருக்கும். தேர்வும் அதே மாடியில்தான், முதுகு சாயாத பெஞ்சில் மூன்று மணி நேரம், கழிப்பறைக்குக் கீழே இறங்கி ஏற வேண்டும். எனக்குப் பதில் தெரியாமல் மதிப்பெண் போகவில்லை, கடைசி அரை மணி நேரம் இடுப்பு வலியில் கை ஓடாமல் போனது.

சரி, நல்லதைச் சொல்கிறேன். ஒரு நாள் ஆங்கிலேயர் காலத்துத் தபால், தந்தி பற்றிப் பாடம். நான் 1983இல் தந்தி ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள் என்று பேராசிரியருக்குத் தெரியும், "அம்மா, நீங்க சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். பேனா மூடியால் மேசையில் மோர்ஸ் தட்டிக் காட்டினேன். கல்யாண வாழ்த்துக்கு எண் இருக்கும், அந்த எண்ணை அனுப்பினால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள் என்றேன். தந்திக்காரர் தெருவுக்குள் வந்தாலே, பிரித்துப் படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை கிளம்பிவிடும் என்பதையும் சொன்னேன். 2013 ஜூலையில் தந்தி நின்றபோது அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள், ஒருவர்கூடத் தந்தியைக் கண்ணால் பார்த்ததில்லை. முக்கால் மணி நேரம் யாரும் செல்போனைத் தொடவில்லை! அதற்கப்புறம் என் அசைன்மென்ட்டை ஸ்கேன் செய்து ஏற்றித் தர ஒரு பெண் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், நான் அவளுக்குக் குறிப்பெடுக்கச் சொல்லித் தருகிறேன்.

அயர்லாந்தில் டப்ளின் சிட்டி பல்கலைக்கழகம் 2012இல் முதியோருக்கு இணக்கமான பல்கலைக்கழகம் என்பதற்குப் பத்துக் கொள்கைகள் வகுத்தது, இளையவர்களும் மூத்தவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதும் அதில் ஒன்று. எங்கள் வகுப்பில் அது யாரும் திட்டம் போடாமலே நடக்கிறது. மீதிக்குப் பெரிய செலவும் இல்லை: படிவத்தில் இன்னும் சில வருடங்களைச் சேர்க்க வேண்டும், லிஃப்ட் சாவியைக் காவலரிடம் கொடுக்க வேண்டும், தேர்வுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையும் நாற்காலியும் வேண்டும்.

மாடி ஏறவே முடியாதவர்கள் மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பாருங்கள். வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டி மையத்துக்குப் போக வேண்டும். ஆனால் அங்கே "அம்மா, நீங்க சொல்லுங்க" என்று யாரும் கேட்கமாட்டார்கள், அதனால்தான் நான் இங்கேயே இரண்டாம் வருடத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். கீழ்த்தளத்தில் தேர்வெழுத அனுமதி கேட்டு மனுவும் கொடுத்திருக்கிறேன். என்னுடன் படிக்கும் பதினோரு பேர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பத்துப் பேருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.