சவுண்ட்கிளவுட்: 1:36-இல் காணாமல் போன மெட்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்கத் துணியில் ஓட்டை தேடுவது வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் இசை செய்வேன். இசை என்றால் பாட்டு இல்லை. டெக்னோ, ஹவுஸ் என்று சொல்கிறார்களே, அந்த வகை. குரல் இருக்காது. முறையாக எதுவும் படித்ததில்லை. செய்வதை சவுண்ட்கிளவுட் என்ற இசைப் பகிர்வுத் தளத்தில் ஏற்ற ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை 14 டிராக். அதிகம் கேட்கப்பட்டது 212 தடவை. அதில் முப்பது தடவையாவது நானே கேட்டதாக இருக்கும்.

அந்தத் தளத்தைப் பற்றிய இந்த விமர்சனம் என்னைப் போன்ற ஆட்களுக்கு. ரசிகர் கூட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இல்லை. செய்தது சரியாக வந்திருக்கிறதா என்று யாராவது உண்மையாகச் சொல்ல மாட்டார்களா என்று அலைகிறவர்களுக்கு.

முதலில் நானும் எல்லாரையும் போல வாட்ஸ்அப்பில்தான் ஆரம்பித்தேன். குடும்பக் குழுவில் போட்டேன். நாலு கைகூப்பல், மூன்று நெருப்பு, "சூப்பர்டா தம்பி". சித்தப்பா மட்டும் முழுசாகக் கேட்டார். கேட்டேன் என்பதற்கு ஆதாரமாக ஒரு கேள்வியும் அனுப்பினார்: "எல்லாம் நல்லாருக்கு, பாட்டு எப்பப்பா வரும்?" ஐந்தரை நிமிடம் பாடகருக்காகக் காத்திருந்திருக்கிறார் மனுஷன்.

அப்புறம் காசு கொடுத்துப் பார்த்தேன். டிராக்கை அனுப்பினால் "தொழில்முறைக் காதுகள்" கேட்டு விமர்சனம் எழுதித் தருவதாக ஒரு இணைய சேவை. பெயர் வேண்டாம். 450 ரூபாய். இரண்டு நாளில் ஐந்து வரி வந்தது. நல்ல ஆற்றல் இருக்கிறது, அமைப்பை இன்னும் இறுக்கலாம், கீழ்ச்சுருதிப் பகுதியைக் கவனிக்கவும். பரவாயில்லையே என்று நினைத்தேன். நண்பன் ஒருவன் அதே இடத்துக்குத் தன் டிராக்கை அனுப்பினான். அவன் செய்வது வெறும் கிடார். அவனுக்கும் நல்ல ஆற்றல் இருந்தது, அமைப்பை இறுக்க வேண்டியிருந்தது. ஐந்தில் மூன்று வரி எழுத்துக்கு எழுத்து ஒன்று.

சரி, சவுண்ட்கிளவுடுக்கு வருகிறேன். 2007-இல் ஸ்டாக்ஹோமில் அலெக்சாண்டர் யுங், எரிக் வால்ஃபோர்ஸ் என்ற இருவர் தொடங்கி, பெர்லினுக்குக் கொண்டுபோய் வளர்த்த சேவை. இசை செய்கிறவர்கள் தங்களுக்குள் டிராக்கைக் கைமாற்றிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்பதுதான் ஆரம்ப நோக்கம். இன்றைக்கு அது பெரிய கடல். ஆனால் அந்தப் பழைய நோக்கத்தின் அடையாளம் ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கு அது ஒன்று போதும்.

டிராக்கை ஏற்றினால் அதன் ஒலி அலை நீளப் படமாகத் தெரியும். கேட்கிறவர் எந்த நொடியில் கருத்து எழுதுகிறாரோ, அந்த நொடியின் மேலேயே அது குத்தி நிற்கும். அவ்வளவுதான் விஷயம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் செக்கிங் டேபிளில் நிற்கிற எனக்கு அது உடனே புரிந்தது. "பீஸ் சரியில்லை" என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? ஓட்டை இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினால்தான் டெய்லர் திரும்ப எடுத்து அடிக்க முடியும். சவுண்ட்கிளவுட் கருத்து அந்த ஸ்டிக்கர்.

போன வருடம் ஒரு டிராக் போட்டேன். நிமிடத்துக்கு 122 துடிப்பு. 1:36 வரை தாளமும் பேஸ் என்கிற அடி ஒலியும் மட்டும்; அங்கே ஒரு மெட்டு திறக்கும். நாதஸ்வரத்தின் சாயலில் நானே சிந்தசைசரில் இழைத்தது. அதை அகலமாக்க ஒரு வித்தை கற்றிருந்தேன். மெட்டின் ஒலியை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் அலையைத் தலைகீழாகவும் போடுவது. ஹெட்போனில் கேட்டால் தலைக்கு வெளியே இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும். எனக்கே புல்லரித்தது.

ஏற்றி நாலு நாளில் 1:36-இல் ஒரு கருத்து. போலந்துக்காரர். "இந்த இடத்தில் எல்லாம் காலியாகிவிடுகிறதே, வேண்டுமென்றே செய்ததா?" காலியா? அங்கேதானய்யா உச்சமே வருகிறது. ஆளுக்குக் காது கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அதே 1:36-இல் இன்னொருவர்: "இங்கே வானம் திறக்கிறது, அருமை." அலைப்படத்தின் மேல் இரண்டு கருத்தும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒருவருக்குக் காலி, இன்னொருவருக்கு வானம். இரண்டு பேருமே பொய் சொல்லக் காரணம் இல்லை.

போலந்துக்காரரிடமே கேட்டேன், எதில் கேட்டீர்கள் என்று. சமையலறையில் இருக்கும் ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் என்றார். அப்பா காலையில் பக்திப் பாடல் கேட்கிற சின்னப் பெட்டி எங்கள் வீட்டிலும் உண்டு. அதில் போட்டேன். 1:36 வந்தது. மெட்டு வரவில்லை. சுத்தமாக இல்லை. கிக் டிரம் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது, பந்தியில் ஆள் எழுந்த பிறகு இலை மட்டும் கிடப்பதைப் போல.

காரணம் சின்னக் கணக்கு. ஒற்றை ஸ்பீக்கர் இடதையும் வலதையும் கூட்டித்தான் ஒலிக்கும். நேர் அலையோடு தலைகீழ் அலையைக் கூட்டினால் பூஜ்ஜியம். நான் அகலப்படுத்தியதாக நினைத்தது அழிப்பதற்கான சூத்திரம். கோவில் திருவிழாவில் கட்டுகிற ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் மோனோவில், அதாவது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டித்தான் ஓடும். அங்கே போட்டிருந்தால் மெட்டு ஊர் எல்லையைக் கூடத் தொட்டிருக்காது. அன்றைக்கு ராத்திரியே மாற்றினேன். மூல மெட்டை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சுருதியை மயிரிழை ஏற்றியும் இறக்கியும் நகல்களை மெலிதாக வைத்தேன். அகலம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அப்பாவின் பெட்டியிலும் கேட்கிறது. இப்போதெல்லாம் எந்த டிராக்கையும் முடிப்பதற்கு முன்னால் முழுவதையும் ஒரு தடவை மோனோவாக்கிக் கேட்காமல் விடுவதில்லை. நான் செய்வது எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில். ஒரு திருகைத் திருப்பினால் மோனோ ஆகிவிடும். அந்தத் திருகு எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

வெறும் "நன்றாக இல்லை" என்று அவர் எழுதியிருந்தால் இதை நான் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஆனால் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் ஒன்றும் வராது. என் முதல் மூன்று டிராக்குக்கும் சேர்த்து வந்த கருத்து ஒன்றே ஒன்று. அதுவும் "கேட்பவர் எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறோம், மலிவு விலை" என்று யாரோ வியாபாரி ஒட்டிவிட்டுப் போனது. அவர்களை அழித்துவிட்டு நகர வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்கிய எண்ணிக்கைக்குக் காது கிடையாது.

கருத்து வர ஆரம்பித்தது இரண்டு காரியம் செய்த பிறகு. ஒன்று, விளக்கப் பகுதியில் கேள்வியை மாற்றினேன். "எப்படி இருக்கிறது சொல்லுங்கள்" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்கிற மாதிரிதான். இப்போது இப்படிக் கேட்கிறேன்: "0:48-இல் பேஸ் நுழைகிறது, உங்கள் போன் ஸ்பீக்கரில் அது காதில் விழுகிறதா? 2:10-இல் தாளம் நிற்கிறது, அதற்கு முன்பே சலித்துவிட்டதா?" இப்படிக் கேட்டால் வருகிற பதிலும் உருப்படியாக இருக்கிறது. பேஸ் கேட்கவில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் போன் ஸ்பீக்கர் எங்கே எழுப்பப் போகிறது? அதற்கு லேசாகச் சாச்சுரேஷன், அதாவது ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கும் விளைவு, ஏற்றினால் 100, 150, 200 என்று மேல் அடுக்குகள் பிறக்கும். காது அவற்றைப் பிடித்துக்கொண்டு, இல்லாத அடி ஒலியையும் இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, மற்றவர்களுக்கு எழுதினேன். என்னைப் போலவே இருபது, முப்பது தடவை மட்டும் கேட்கப்பட்ட டிராக்குகளாகத் தேடி, ஒரு ராத்திரிக்கு ஐந்து. முழுசாகக் கேட்டு, ஒரு நொடியைக் குறிப்பிட்டு, அங்கே என்ன ஆயிற்று என்று எழுதுவது. ஐந்து பேரில் இரண்டு பேர் திரும்பி வந்து என்னுடையதைக் கேட்பார்கள். அதைவிடப் பெரிய லாபம் வேறு. அடுத்தவர் டிராக்கில் "இங்கே கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் முட்டுகின்றன" என்று எழுதிவிட்டு என்னுடையதைத் திறந்தால் அதே முட்டல் அங்கேயும் உட்கார்ந்திருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கேட்கக் கணக்கு வேண்டாம், கருத்து எழுதக் கணக்கு வேண்டும். அதனால் ஊர் ஆட்கள், உறவுக்காரர்கள் யாரும் நொடியில் ஸ்டிக்கர் ஒட்ட வரப்போவதில்லை. ஏற்றிய கோப்பைத் திருத்திய கோப்பால் மாற்றும் வசதி காசு கட்டுகிறவர்களுக்குத்தான். இலவசக் கணக்கில் மறுபடி புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், பழைய கருத்துகள் பழையதோடு நின்றுவிடும். திருத்தித் திருத்தி வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். நான் 1, 2 என்று எண் போட்டுத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன். மொத்தம் எத்தனை நேரம் ஏற்றலாம் என்பதற்கும் இலவசக் கணக்கில் வரம்பு உண்டு. என் வேகத்துக்கு அது தீராது. ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள், அதில் ஹை-ஹேட் என்கிற தாளத் தட்டு போன்ற மேல் ஒலிகள் கொஞ்சம் தகரமாகும். எம்பி3 ஆக ஏற்றினால் சுருக்கியதையே மறுபடி சுருக்குவார்கள். சுருக்காத வேவ் கோப்பாகவே ஏற்றுங்கள், உச்சத்தில் 1 டெசிபலாவது இடம் விடுங்கள். சினிமாப் பாட்டுத் துண்டை வெட்டி ஒட்டினால் தானாகவே கண்டுபிடித்துத் தடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

இன்னொன்று, பாதி வெந்ததைப் பொதுவில் போடக் கூச்சமாக இருந்தால் தனிப்பட்ட இணைப்பாக வைக்கலாம். இணைப்பு கையில் இருப்பவர் மட்டும் கேட்பார். நான் இப்போது முதலில் அப்படித்தான் வைத்து ஆறு பேருக்கு அனுப்புகிறேன். அந்தப் போலந்துக்காரரும் அதில் ஒருவர்.

கடைசியாகப் போட்ட டிராக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் வரும் ஹை-ஹேட் எங்கள் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின். பெடலை முழுக்க மிதித்தால் நிமிடத்துக்கு 6000 தையல் வரை ஓடும். அதாவது நொடிக்கு 100. அந்த வேகத்தில் அது தாளமே இல்லை, 100 ஹெர்ட்ஸில் ஒரு சுருதி, ரீங்காரம். காலை எடுக்கும்போது வேகம் இறங்கி, கடைசி நாலைந்து தையல்கள் மட்டும் தனித்தனியாக டக், டக் என்று விழும். மதிய இடைவேளையில் ஒரு அக்காவிடம் சொல்லி மிதிக்கவைத்து, போனில் பதிவு செய்து, அந்தக் கடைசி டக்குகளை வெட்டி எடுத்தேன். ரீங்காரத்தை அடியில் பேஸாகப் போட்டேன்.

ஆறு பேரும் கேட்டார்கள். 0:22-இல் வரும் தட்டல் பிரமாதம், எந்த டிரம் மெஷின் என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு பேருக்கு முடிவு நீளமாகப் பட்டது. போலந்துக்காரர் மோனோவில் கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் போட்டார்.

அடுத்த நாள் டீ நேரத்தில் அந்த அக்காவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். அவருக்கு டெக்னோ தெரியாது, சவுண்ட்கிளவுடும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இருபது நொடிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, இது நம்ம ரெண்டாம் லைன் மெஷின்தானுங்க? லூப்பர் தட்டுது பாருங்க. அன்னைக்கே மெக்கானிக்கிட்டச் சொன்னேன், எண்ணெய் மட்டும் ஊத்திட்டுப் போயிட்டாரு."

லூப்பர் என்பது மெஷினுக்குள் நூலை வளைத்துக் கோக்கிற கொக்கி. திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு டக்குக்கும் பின்னால் மெலிதாக இன்னொரு டிக். நான் அதைத் தாளத்தின் அழகு என்று நினைத்து டெசிபல் டெசிபலாக ஏற்றி வைத்திருந்தேன்.

அக்காவுக்குக் கணக்கு இல்லாததால் என் கணக்கிலிருந்தே 0:22-இல் எழுதி வைத்தேன்: "லூப்பர் தட்டுகிறது. சொன்னது ரெண்டாம் லைன் அக்கா." கீழே போலந்துக்காரர் கேட்டிருக்கிறார், லூப்பர் என்றால் இசை மென்பொருளில் சேர்க்கிற எந்த பிளக்கின் என்று.