"வீட்டிலேயே கிட்னி டெஸ்ட்": பத்துக் கட்ட யூரின் ஸ்ட்ரிப்பை யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

மருந்துக் கடையில் "டென் பாராமீட்டர் ஸ்ட்ரிப்" என்று கேட்டால் கையில் வருவது ஒரு சின்ன டப்பா. உள்ளே 100 பிளாஸ்டிக் பட்டைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பத்துக் கட்டங்கள், டப்பாவைச் சுற்றி ஒட்டிய கலர் சார்ட். மல்டிஸ்டிக்ஸ் 10 எஸ்ஜி இந்த வகையில் பழைய பெயர். அதே அமைப்பில் வேறு பல கம்பெனிகளின் சரக்கும் கிடைக்கிறது. லேப்களிலும் கிளினிக்குகளிலும் தினமும் புழங்குகிற பொருள்தான். இதையே "கிட்னி டெஸ்ட் கிட்" என்று ஆன்லைனில் போட்டு விற்கும்போதுதான் வம்பு. பொருளில் குறையில்லை, அட்டையில் போட்டிருக்கும் பெயர்தான் அளவுக்கு மீறியது.

ஏன் என்று புரிய கிட்னியின் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரானின் தலைப்பகுதியில் இருக்கும் குளோமருலஸ்தான் சல்லடை. இரண்டு கிட்னியிலும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர் அதன் வழியே வடிகிறது. அடுத்து வரும் நுண்குழாய்கள் அதில் தண்ணீர், குளுக்கோஸ், உப்பு என்று உடம்புக்கு வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் யூரேட்டர் வழியாகப் பைக்கு இறங்குவது ஒன்றரை லிட்டர் அளவுதான். ஆக, கிட்னி கெட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு. சல்லடை ஓட்டையாகி, போகக் கூடாதது வெளியே போகலாம். அல்லது சல்லடைகளின் எண்ணிக்கையே குறைந்து, போக வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கலாம். ஸ்ட்ரிப் காட்டுவது முதல் வகையை மட்டும்.

அப்படி ரத்தத்தில் தங்கும் கழிவுகளான கிரியேட்டினினுக்கோ யூரியாவுக்கோ இந்தப் பத்தில் கட்டம் கிடையாது. பாதி நெஃப்ரான்கள் போன பிறகும் பத்துக் கட்டமும் நார்மலாக இருக்க முடியும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைத் தாக்கும், காரணம் உறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் இதற்குச் சரியான உதாரணம். அது பெரும்பாலும் நுண்குழாய்களையும் அவற்றைச் சுற்றிய திசுவையும் கெடுக்கிற நோய். புரோட்டீன் கசிவு துளியாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அங்கே ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பினால் நோய் முற்றும்வரை தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, அதிலிருந்து ஜிஎஃப்ஆர் (சல்லடைகள் நிமிடத்துக்கு எவ்வளவு வடிக்கின்றன என்ற அளவு) கணக்குப் போடுவதற்கு இந்த டப்பா மாற்று அல்ல.

இனி பயன்படுத்தும் முறை. தப்பான ரிசல்ட்டில் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது. காலையில் எழுந்ததும் போகிற முதல் யூரின் நல்லது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான, உலர்ந்த கப்பில் பிடிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரில் கழுவிய பாத்திரம் ஆகாது. அதன் குளோரின் மிச்சமே ரத்தக் கட்டத்தைப் பச்சையாக்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அறை வெப்பத்தில் வைத்தால் கிருமிகள் பெருகி, யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, பிஎச் (அமில-கார அளவு) ஏறிவிடும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்து, குளிர் விட்ட பின் கலக்கிவிட்டு நனைக்க வேண்டும்.

நனைப்பது ஒரு நொடிக்கு மேல் கூடாது. ஊறவிட்டால் கட்டத்தில் உள்ள ரசாயனம் கரைந்து யூரினோடு போய்விடும். எடுக்கும்போதே ஸ்ட்ரிப்பின் ஓரத்தைக் கப்பின் விளிம்பில் இழுத்து, பிறகு அதே ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றி, கிடையாகப் பிடிக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்து நீர் அடுத்த கட்டத்துக்கு வழியும். புரோட்டீன் கட்டத்தில் பிஎச் 3 அளவில் நிறுத்தும் அமில பஃபர் இருக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் பிஎச் கட்டத்துக்குள் இறங்கினால் 7 இருக்க வேண்டிய இடத்தில் 5 காட்டும்.

அடுத்தது நேரம். மல்டிஸ்டிக்ஸ் 10 எஸ்ஜியில் குளுக்கோஸும் பிலிருபினும் 30 நொடி, கீட்டோன் 40, அடர்த்தி 45. ரத்தம், பிஎச், புரோட்டீன், யூரோபிலினோஜன், நைட்ரைட் ஐந்தும் 60 நொடி. வெள்ளணுக்களுக்கு முழு இரண்டு நிமிடம். மற்ற கம்பெனிகளில் இது மாறலாம், உள்ளே இருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் படித்து முடிப்பது வழக்கமான தப்பு. அவசரப்பட்டால் வெள்ளணு "இல்லை" என்று வரும், ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் எல்லாக் கட்டமும் ஏதோ ஒரு நிறத்தில் நிற்கும். இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது. படிப்பது பகல் வெளிச்சத்தில் அல்லது வெள்ளை டியூப்லைட்டில். மஞ்சள் பல்பின் கீழே புரோட்டீன் கட்டத்தின் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு கம்பெனியின் ஸ்ட்ரிப்பை இன்னொரு கம்பெனியின் சார்ட்டோடு ஒப்பிடவும் கூடாது.

பத்தில் காசுக்குப் பெறுமானம் உள்ளது புரோட்டீன் கட்டம். மஞ்சளில் இருந்து பச்சை, நீலப்பச்சை என்று மாறும். டிரேஸ் (துளி அளவு), பிறகு ஒரு பிளஸ் (100 மில்லிலிட்டரில் 30 மில்லிகிராம்), இரண்டு பிளஸ் (100), மூன்று பிளஸ் (300) என்று ஏறும். இந்த எண்கள் செறிவு மட்டுமே, மொத்தக் கசிவு அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. கணக்கு இப்படி: ஆரோக்கியமான ஒருவருக்கும் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் வரை புரோட்டீன் போகலாம். அது ஒன்றரை லிட்டர் யூரினில் கலந்தால் 100 மில்லிக்கு 10, ஸ்ட்ரிப் கண்டுகொள்ளாது. அக்னி நட்சத்திர வெயிலில் வேலை செய்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் அரை லிட்டர் மட்டும் போகிறவருக்கு அதே 150, 100 மில்லிக்கு 30 ஆகிவிடும். ஒரு பிளஸ்! கிட்னியில் எதுவும் மாறவில்லை. தலைகீழாக, மூன்று நான்கு லிட்டர் குடித்துவிட்டு வருகிறவரிடம் உண்மையான கசிவும் மறைந்துபோகும். அதனால் புரோட்டீனை எப்போதும் அடர்த்திக் கட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். செறிவான யூரினில், அதாவது 1.030 அடர்த்தியில் டிரேஸ் வந்தால் பதற வேண்டியதில்லை. நீர்த்த யூரினில், 1.005-ல் அதே டிரேஸ் வந்தால் லேபுக்குப் போகவே வேண்டும்.

காய்ச்சல், கடும் உடற்பயிற்சி இரண்டும் தற்காலிகமாகப் புரோட்டீனைக் காட்டும். சில இளைஞர்களுக்கு நின்று நடமாடும்போது மட்டும் கசியும், காலை முதல் யூரினில் இருக்காது. இந்தக் கட்டம் பிடிப்பது பெரும்பாலும் ஆல்புமினை. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவில் வெளியேறும் லைட் செயின் புரோட்டீன்கள் எவ்வளவு போனாலும் பெரும்பாலும் கண்ணில் படாது. யூரின் மிகவும் காரத்தன்மையாக இருந்தாலோ, குளோர்ஹெக்சிடின் கலந்த கிருமிநாசினி பட்டாலோ இல்லாத புரோட்டீன் இருப்பதுபோலத் தோன்றும்.

சர்க்கரை நோயாளிகள் இதை வாங்கி வைத்துக்கொண்டு "கிட்னி நல்லா இருக்கு" என்று நிம்மதி அடைவதுதான் கவலை தருகிறது. அவர்களுக்கு முதலில் தெரியவேண்டிய கசிவு, கிராம் கிரியேட்டினினுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் ஆல்புமின் என்கிற கட்டம். அதை இந்த ஸ்ட்ரிப் நம்பகமாகப் பிடிக்காது. ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், அதாவது லேபில் ஏசிஆர் என்று கேட்கும் டெஸ்ட்தான் வருடத்துக்கு ஒரு முறையாவது வேண்டும். கிரியேட்டினினால் வகுப்பதால் தண்ணீர் கூடக்குறையக் குடித்த குழப்பமும் அதில் இல்லை.

குளுக்கோஸ் கட்டம் 1956-ல் கிளினிஸ்டிக்ஸ் என்ற ஒற்றைக் கட்ட ஸ்ட்ரிப்பாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததன் வாரிசு. ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியின் வேலை அது. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் யூரினில் இறங்கும் என்பதால், குளுக்கோமீட்டர் இருக்கும் வீட்டில் இன்று இதற்குப் பெரிய வேலை இல்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டம் எப்போதும் அடர்நிறமாகத்தான் வரும். குளுக்கோஸைத் திரும்ப எடுக்க விடாமல் வெளியேற்றுவதே அந்த மாத்திரையின் வேலை. அதைப் பார்த்து மருந்தைக் கூட்டிவிடக் கூடாது. இவர்கள் கவனிக்கவேண்டியது பக்கத்தில் இருக்கும் கீட்டோன். ரத்தச் சர்க்கரை அவ்வளவு ஏறாமலே கீட்டோ அசிடோசிஸ் (கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரக்கூடிய மருந்துகள் இவை. ஆனால் அந்தக் கட்டம் அசிட்டோஅசிட்டேட்டை மட்டும் பார்க்கிறது, அந்த நிலையில் மிகுந்திருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்ரேட்டைப் பார்ப்பதில்லை. வாந்தி, மூச்சுவாங்கல் இருந்தால் கட்டம் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான்.

ரத்தக் கட்டம் நல்ல வேலைக்காரன். யூரின் சிவப்பாகப் போனால் அது ரத்தமா, பீட்ரூட்டா, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரையா என்று ஒரு நிமிடத்தில் பிரித்துவிடும். பின்னிரண்டில் கட்டம் பச்சையாகாது. பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் முழுச் சிவப்பணுக்கள். ஒரே சீராகப் பச்சை என்றால் உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினாக இருக்கலாம், நைந்த தசையில் இருந்து வரும் மயோகுளோபினாகவும் இருக்கலாம், ரத்த அணுக்களே ஏராளமாகவும் இருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் முடிவு. விஷத்தில் ரத்த அணுக்கள் உடையலாம் என்பதால், கண்ணாடிவிரியன் கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் இந்தக் கட்டத்தைப் பார்ப்பது வீண் வேலையல்ல. மாதவிலக்கு நாட்களில் பார்ப்பதில் அர்த்தமில்லை. 500 மில்லிகிராம் விட்டமின் சி மாத்திரை போட்டுக்கொண்டு பார்த்தாலும் இல்லை. அது ரத்தம், குளுக்கோஸ், நைட்ரைட் மூன்றையும் அமுக்கிவிடும்.

நைட்ரைட், வெள்ளணு இரண்டும் நீர்க்கடுப்புக்கு. ஈ.கோலை போன்ற கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற யூரின் பையில் நான்கு மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். எரிச்சலில் அரை மணிக்கொரு முறை ஓடுகிறவருக்கு அது எப்படி முடியும்? எண்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் இந்த மாற்றத்தைச் செய்வதே இல்லை. எனவே நைட்ரைட் வந்தால் நம்பலாம், வராவிட்டால் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைப்படுதல் கலந்தால் வெள்ளணுக் கட்டம் ஊதாவாகும். எரிச்சலுக்குக் கொடுக்கும் ஃபெனாசோபிரிடின் மாத்திரை யூரினையே ஆரஞ்சாக்கி எல்லாக் கட்டத்தையும் குழப்பும். காய்ச்சலும் குளிரும் இருந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு யூரின் கொடுத்துவிட வேண்டும்.

பிலிருபினும் யூரோபிலினோஜனும் ஈரல் சமாச்சாரம், இங்கே அதிகம் பேச வேண்டாம். அடர்த்திக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை: எவ்வளவு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 1.010-லேயே நின்றால், யூரினைச் செறிவாக்கும் திறனைக் குழாய்கள் இழக்கின்றன என்று சந்தேகிக்கலாம். குழாய்களின் நிலைமையைப் பற்றி இந்தப் பத்தில் கிடைக்கும் துப்பு கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

பத்திரப்படுத்துவதில் நம் ஊரில் உண்மையான பிரச்சினை இருக்கிறது. பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கும், ஃபிரிட்ஜிலும் வைக்காதே என்றும் இருக்கும். மே மாதச் சென்னையில், வேலூரில் சாதாரண அலமாரியே அந்த வரம்பைத் தாண்டும். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான, உலர்ந்த அறையில் வைப்பதுதான் வழி. பாத்ரூம் ஸ்டாண்டில் வைப்பது மோசம். திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தில் வெள்ளணுக் கட்டமும் குளுக்கோஸ் கட்டமும் செத்துப்போகும், நைட்ரைட் கட்டம் தானாகவே இளஞ்சிவப்பாகும். நனைக்காத ஸ்ட்ரிப்பில் ஏதாவது கட்டம் சார்ட்டின் "நெகட்டிவ்" நிறத்தோடு ஒத்துப்போகாவிட்டால் டப்பாவையே தூக்கிப்போட வேண்டும். நல்ல ஸ்ட்ரிப்பா என்று பார்க்கத் தண்ணீரில் நனைப்பது பலர் செய்யும் காரியம். ரசாயனங்கள் யூரினில் வேலை செய்வதற்காக அமைத்தவை, தண்ணீரில் வரும் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

யார் வாங்கலாம்? நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சல்லடை வழியே புரோட்டீன் ஏராளமாகக் கசியும் நோய்) உள்ள குழந்தை இருக்கும் வீடு கட்டாயம் வாங்கவேண்டும். காலை முதல் யூரினில் மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பியதாகக் கணக்கு. மூன்று நாள் தொடர்ந்து இல்லை அல்லது டிரேஸ் என்றால் அடங்கியதாகக் கணக்கு. நோட்டில் தேதி போட்டு எழுதி வரவேண்டும், முகம் வீங்கும் முன்பே டாக்டரிடம் போய்விடலாம். ஆனால் இவர்களுக்குப் பத்துக் கட்டம் எதற்கு? குளுக்கோஸ், புரோட்டீன் மட்டும் உள்ள யூரிஸ்டிக்ஸ் வகை போதும், படிப்பதற்கும் சுலபம். கர்ப்ப காலத்தில் பிரஷர் கூடியவர்களுக்கும் அதே இரண்டு கட்டம் உதவும். ஒரு பிளஸ் வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். பத்துக் கட்ட டப்பா சிறிய கிளினிக்குக்கும் கிராமத்து முகாமுக்கும் பொருத்தம், நாளுக்குப் பலபேர் வருவதால் திறந்த டப்பா பழசாகும் முன்பே தீர்ந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை பார்க்க நினைக்கும் வீட்டுக்கு 100 ஸ்ட்ரிப் வீண், லேபில் யூரின் ரொட்டீனும் கிரியேட்டினினும் கொடுப்பது மேல்.

வாங்கும்போது காலாவதித் தேதி, உடையாத சீல், மூடியிலோ உள்ளேயோ ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மூன்றையும் பார்க்க வேண்டும். பொட்டலத்தை வெளியே எடுத்து எறிந்துவிடக் கூடாது. மெஷினில் படிப்பதாக இருந்தால் அந்த மெஷினுக்கு உரிய கம்பெனி ஸ்ட்ரிப்பே வேண்டும். கடைசியாக ஒன்று: 100-ஐ 200 ஆக்குவதற்காக ஸ்ட்ரிப்பை நீளவாக்கில் கத்தரிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கட்டத்தின் ஓரம் பிய்ந்து அமில பஃபர் பக்கத்துக் கட்டத்தில் இறங்கும், கையில் இருக்கும் ஈரமும் ரசாயனத்தில் படும். மிச்சமாவது சில ரூபாய்தான்.