அகின்ஃபென்வா ஜெர்சி: துணி ஓகே, எழுத்துதான் தகராறு

கால்பந்து வீரர் அகின்ஃபென்வாவின் பெயர் போட்ட, இங்கிலாந்து கிளப் வைகம்ப் வாண்டரர்ஸின் 20-ம் எண் ஜெர்சி, இணையத்தில் பழைய ஜெர்சி விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். வெளிர்நீலமும் கருநீலமும் கட்டம் கட்டமாக. துணி நல்ல கனம், இன்னும் சாயம் போகவில்லை. ஆனால் முதுகில் இருக்கும் ஒன்பது ஆங்கில எழுத்துகளில் கடைசி 'ஏ' முதல் சலவையிலேயே நுனி தூக்கிவிட்டது. பட்டர் பேப்பர் வைத்து இஸ்திரி போட்டேன், இப்போதைக்கு ஒட்டியிருக்கிறது. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை.

ஏன் இந்த ஜெர்சி என்றால், அந்த ஆள் அப்படி. லிதுவேனியாவில் தொடங்கி, கீழ் டிவிஷன்களில் ஊர் ஊராக ஆடியவர். 2016-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த பிளே-ஆஃப் (மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான போட்டி) இறுதியில் ஏஎஃப்சி விம்பிள்டன் கிளப்புக்காகக் கடைசி நேர பெனால்டியைப் போட்டுவிட்டு, 'எனக்கு இப்போது வேலையில்லை, மேனேஜர்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்' என்று டிவியிலேயே சொன்னார். வைகம்ப் கூப்பிட்டது. 2020-ல் அந்த கிளப் முதல்முறையாக சாம்பியன்ஷிப்புக்கு (இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்) ஏறியபோது அவருக்கு வயது 38.

அவருடைய பெரிய உடம்பை நினைத்து எக்ஸ்எல் எடுத்தது என் தப்பு. எனக்கு நைட்டி மாதிரி தொங்குகிறது. ஒரு சைஸ் குறைத்தே வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை.