சிவகாசி தினசரி காலண்டர்: யாருக்கு லீவு என்று பார்க்க எது உதவும்?

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 110 ரூபாய் கொடுத்து வாங்கிய சிவகாசி தினசரி காலண்டர் இது. மேலே முருகன் படம், கீழே கிழிக்கிற தாள். நகைக்கடையில் சும்மா தருவார்களே, இதற்கு ஏன் காசு என்று வீட்டில் கேட்டார்கள். சும்மா வருவதில் கடைப் பெயர்தான் பெரிதாக இருக்கும், திதி நட்சத்திரம் எறும்பு எழுத்தில் இருக்கும். எனக்கு அந்தப் பொடி எழுத்துதான் வேண்டும்.

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில், அதாவது கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸில் (சுங்கத்தில்) விடுவித்துத் தரும் இடத்தில், டாக்குமென்ட் பார்க்கிறேன். கண்டெய்னர் இறங்கியதும் ஃப்ரீ டேஸ் (கட்டணம் இல்லாத நாட்கள்) ஓட ஆரம்பித்துவிடும், தாண்டினால் டிடென்ஷன் என்று தாமதக் கட்டணம். நடுவில் பேங்க் லீவு, கஸ்டம்ஸ் லீவு, சரக்கு அனுப்பிய ஊரில் லீவு எது வந்தாலும் தலைவலி எங்களுக்குத்தான். அதனால் லீவு என்றால் யாருக்கு என்று உடனே கேட்டுப் பழகிவிட்டது.

போனில் இருக்கிற இலவசக் காலண்டர் ஆப் இந்த இடத்தில்தான் கவிழ்க்கிறது. ‘இந்திய விடுமுறைகள்’ என்று ஒரே பட்டியல், எல்லாம் ஒரே பச்சை நிறம். ரக்ஷா பந்தனுக்கு ராயபுரத்தில் எந்த பேங்க்கை மூடினார்கள்? தீபாவளியே சில வருடம் இங்கே ஒரு நாள், வடக்கே மறுநாள். 2018-இல் நமக்கு நவம்பர் 6, அவர்களுக்கு 7. நாம் சதுர்த்தசி பார்த்துக் கங்கா ஸ்நானம் செய்கிறோம், அவர்கள் அமாவாசை பார்த்து லட்சுமி பூஜை போடுகிறார்கள். வடக்கத்தியர் நிறைய இருக்கிற சௌகார்பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டாம். தினசரித் தாளில் இரண்டு திதியும் அடுத்தடுத்து இருக்கிறது. மும்பை ஆபீஸ் என்றைக்குப் போன் எடுக்காது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நான் எதிர்பார்க்காத உபயோகம், வெளிநாட்டு லீவுக்கும் இந்தத் திதி வரி கைகொடுப்பது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. தாளில் பௌர்ணமி என்று கண்டால் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதை முன்கூட்டியே அனுப்பிவிடுவேன் (ஒரு நாள் முன்பின் வரலாம், கேட்டுக்கொள்வது நல்லது). சீனப் புத்தாண்டும் அமாவாசையை ஒட்டித்தான் வரும். 2025-இல் ஜனவரி 29, நம் தை அமாவாசை. 2026-இல் பிப்ரவரி 17, மாசி அமாவாசை. அங்கே நீண்ட லீவு விட்டுவிட்டு, ஈடுகட்ட சில சனி, ஞாயிறுகளில் வேலை வாங்குவார்கள். அது இந்தத் தாளில் கிடைக்காது. துபாய்க்கும் இது உதவாது. 2022 ஜனவரியிலிருந்து அங்கே வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு லீவு. இன்னும் பழைய ஞாபகத்தில் ஞாயிற்றுக்கிழமை துபாய்க்கு மெயில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் எங்கள் ஆபீஸிலேயே உண்டு.

குறை இல்லாமல் இல்லை. சிவப்பில் இருப்பது எல்லாம் தமிழக அரசு லீவு. குரு நானக் ஜெயந்தி, புத்த பூர்ணிமா இரண்டும் மத்திய அரசு லீவு. குரு நானக் ஜெயந்தி அன்றைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், கஸ்டம்ஸ் ஹவுஸ் பூட்டியிருக்கும். தாளில் இரண்டும் வெறும் கறுப்பு எழுத்தில் ஓரமாகக் கிடக்கின்றன. மே தினம் அப்படியே தலைகீழ், மத்திய அரசுப் பட்டியலில் அது கிடையாது. வாங்கின அன்றே நீலப் பேனாவால் நானே குறித்துக்கொண்டேன்.

அப்புறம் அச்சடித்த பிறகு வருகிற அறிவிப்பு. தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக அறிவித்ததே 2021 ஜனவரியில். அந்த வருடக் காலண்டர் எல்லாம் அதற்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரம்ஜான், பக்ரீத் தேதிகளும் பிறை தெரிந்து தலைமை காஜி சொன்னால்தான் உறுதி. இதற்குச் சிவகாசிக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காசிமேட்டுக் கடலோரத்தில் விற்கிற காலண்டரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று ஒரு வரி போட இடமா இல்லை? கரிநாளுக்கும் பல்லி விழும் பலனுக்கும் இடம் இருக்கிறதே.

இன்னொன்று, சிவப்புத் தாளைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். தனியார் கம்பெனிக்கு 1958-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கட்டாயம் 9 நாள்தான்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே 5 பண்டிகை. எங்கள் முதலாளிக்கு அந்தச் சட்டம் மனப்பாடம்.

தாள் சுத்தமாகக் கிழிகிறது, அட்டை வளையவில்லை. ஐந்துக்கு நான்கு தரலாம். மத்திய அரசு லீவை வேறு நிறத்தில் போட்டால் இன்னும் 10 ரூபாய் சேர்த்தே கொடுப்பேன். கடைக்காரரிடமும் சொன்னேன். “ஆடிப்பெருக்குக்கு முன்னாடி வந்து சொல்லுங்கக்கா, அப்பதான் சிவகாசியில அடுத்த வருஷ மாதிரிக் காலண்டர் ஆல்பம் போடுவாங்க” என்றார்.