.315 ரைஃபிளுக்கு ஒத்த தோட்டா: மதுரைக் கடை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை வைத்திருக்கும் வீடுகளுக்குத் தோட்டா வாங்குவதானாலும் பழுது பார்ப்பதானாலும் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டியிருக்கிறது. அவ்வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 12 போர் (போர் என்பது குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி. அதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், எதை வாங்கினாலும் பெரிய வேறுபாடு தெரியாது. .315 ரைஃபிள் வைத்திருப்பவர்களின் நிலை அப்படியன்று; பெட்டிக்குப் பெட்டி குறி மாறக் கூடும். அவர்களை மனத்தில் வைத்தே மதுரையில் நான் வழக்கமாகச் செல்லும் ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. குறை சொல்லவும் சில இருக்கின்றன.

முதலில் இந்த ரைஃபிளின் பிறப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தோட்டாச் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. வங்காளத்தின் இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்படும் .315, உடலளவில் பழைய லீ என்ஃபீல்டு பட்டாள ரைஃபிளேதான். பட்டாளத்தின் .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகையில் வருவதால், தோட்டாவைப் பின்னிருந்து அடைக்கும் அதே போல்ட்டையும் அதே உடலையும் வைத்துக்கொண்டு, 8×50 ஆர் மான்லிக்கர் என்ற ஆஸ்திரியத் தோட்டாவுக்கு ஏற்ற குழலைப் பொருத்திவிட்டார்கள். .303 தோட்டாவின் பித்தளை உறை ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் நீளம். இதன் உறை 50 மில்லிமீட்டர்தான், ஆனால் குண்டு பருமனானது. உறை குறுகத் தொடங்கும் தோள் பின்தள்ளி இருப்பதால், .303-இன் சேம்பரை, அதாவது குழலில் தோட்டா அமரும் அறையை, சற்றே அகலப்படுத்தி இதற்குப் பொருத்திவிட முடியாது. குழலே புதிதாக வேண்டும். 1890-களில் ஆஸ்திரியப் படை இத்தோட்டாவில் 244 கிரெயின் (ஏறத்தாழ 16 கிராம்) எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 620 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. கனமான குண்டு, நிதானமான வேகம், குறைந்த அழுத்தம் என்ற அந்தக் குணம் இன்றும் மாறவில்லை.

குழலுக்கு ஒத்த தோட்டா என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் மார்லின் 336 என்ற லீவர் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. விசைக்குக் கீழே உள்ள வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும் வகை அது. 1895-இல் வந்த .30-30 தோட்டாவுக்குச் செய்யப்பட்ட அதன் சேம்பரைக் கடைந்து, ஆக்லி இம்ப்ரூவ்டு என்னும் பெரிய வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார். சாதாரண .30-30 தோட்டாவையே அதில் போட்டுச் சுடலாம். சுட்ட வேகத்தில் பித்தளை உப்பிப் புதிய சேம்பரின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அந்த உறையின் அடியில் தீப்பொறி தரும் கேப்பை அவரே பொருத்தி, வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பி, குண்டை அழுத்துகிறார். மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மிகச் சிறு சிறு படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் வேகத்தைக் கருவியில் அளந்து, உறையின் அடிப்பாகத்தில் அழுத்தத்தின் அடையாளம் எதுவும் தெரிகிறதா என்று பார்த்துக் குறித்துவைப்பார். குழலுக்கு அடியில் உள்ள நீள் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், கூர்முனைக் குண்டு முன்னால் உள்ள தோட்டாவின் கேப்பைக் குத்திவிடக் கூடும் என்று தட்டைமுனைக் குண்டையே பயன்படுத்துகிறார்; உதைப்பில் குண்டு உள்ளே போய்விடாதபடி உறையின் வாயையும் இறுக்கிவிடுகிறார். இவ்வளவுக்கும் பிறகு அவருக்குக் கிடைத்த கூடுதல் வேகம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் குழலுக்கென்றே அமைந்த ஒரு தோட்டா கிடைத்திருக்கிறது. அதுதான் அவர் பட்ட பாட்டின் பலன் என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய மார்லினும் நம்முடைய .315-உம் பார்வைக்கு ஒட்டும் உறவும் இல்லாதவை என்றாலும் ஒரு விஷயத்தில் உடன்பிறப்புகள். இரண்டிலும் போல்ட்டைத் தாங்கும் பூட்டு பின்பக்கத்தில் இருக்கிறது. மௌசர் என்ற ஜெர்மன் வகையைப் போல உறையின் தலைக்கு அருகிலேயே பூட்டு இல்லாததால், சுடும்போது போல்ட் மயிரிழை அளவு பின்னால் அமுங்குகிறது, உறையும் அந்த அளவு நீள்கிறது. அதனால் இவ்வகை ரைஃபிள்களில் மருந்தைக் கூட்டுவதை விட, ஒரே சீராக வைத்திருப்பதுதான் அறிவுடைமை.

நம் ஊரில் மருந்து நிறுக்கும் பேச்சுக்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிக்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். அப்பச்சிக்கு 70 வயது நிறைந்ததும் வாரிசு முறையில் எனக்கு வந்த லைசென்ஸ், வைத்துக்கொள்வதற்கு மட்டுமே. ஆகவே அமெரிக்க உறவினர் மேசையில் செய்யும் வேலையில் நமக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: கடைக்காரர் எடுத்துத் தரும் பெட்டிகளில் நம் குழலுக்கு ஒத்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எது என்று கண்டுபிடித்து, கிடைக்கும்வரை அதையே வாங்குவது. எந்த நாட்டில் செய்த தோட்டாவானாலும் லாட்டுக்கு லாட் மருந்திலும் கேப்பிலும் சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. பெரிய போர் ரைஃபிள் சுட அனுமதியுள்ள சுடுதளத்தில், 50 மீட்டரில், ஒரு லாட்டின் குண்டுகள் உள்ளங்கை அளவுக்குள் அடங்குகின்றன. இன்னொரு லாட் அதே இறுக்கத்துடன் நான்கு விரல் கீழே போய் அமர்கிறது. இரண்டும் நல்ல தோட்டாக்களே. கலந்து சுட்டால்தான் ரைஃபிளைக் குறை சொல்லத் தோன்றும்.

இந்த நுட்பத்தை அறிந்த கடை என்பதே நான் அங்கே போவதற்கு முதற்காரணம். மாடிப்படி ஏறிப் போனால், மேசைக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருப்பார். லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி, முன்பு எடுத்த எண்ணிக்கையையும் மீதமுள்ள அளவையும் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதுவது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். இவர் கூடுதலாக ஒன்று செய்கிறார்: வாங்கியவருக்கு எந்த லாட் போனது என்பதையும் தம் குறிப்பில் எழுதிவைக்கிறார். “தம்பி, போன தடவை கொண்டுபோன லாட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எடுத்து வைக்கவா?” என்று அவரே தொலைபேசியில் கேட்டதுண்டு. பெட்டியைப் பிரித்து உறையின் வாய், கேப்பின் ஆழம், பித்தளையில் பச்சைப்பூச்சு ஆகியவற்றைப் பார்க்க அனுமதிக்கிறார். வேறு கடைகளில் பெட்டியைத் தொட்டாலே முகம் சுளிப்பார்கள்.

பழுது பார்க்கும் வேலையில் கடையின் தரம் இன்னும் ஒரு படி மேல். லீ என்ஃபீல்டு வகையில் குறி தவறினால் பலரும் குழலைத்தான் சந்தேகிப்பார்கள். உண்மையில் குற்றவாளி பெரும்பாலும் குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையாகத்தான் இருக்கும். விசைக்கு முன்னால் கட்டையும் இரும்பும் முட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. அங்கே மரம் தேய்ந்து இடைவெளி விழுந்தால், ஒவ்வொரு வெடிக்கும் உடல் கட்டைக்குள் சற்று நகரும். மழைக்காலத்தில் நம் வீட்டு நிலைக்கதவு பிடித்துக்கொள்வதும் கோடையில் கலகலப்பதும் போலத்தான், செட்டிநாட்டு வெயிலில் பெட்டகத்துக்குள் பல ஆண்டு கிடந்த கட்டையும் சுருங்கிவிடுகிறது. கடையில் வேலை பார்ப்பவர் கட்டையைக் கழற்றி, மையிட்டு, முட்டும் இடத்தைக் கண்டு, காய்ந்த மரத்துண்டை ஒட்டி இழைத்துப் பொருத்தினார். பிறகு, போல்ட்டுக்கு முன்னுள்ள இடைவெளியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் அளவியைப் போட்டுப் பார்த்தார். இத்தோட்டா விளிம்பில் தங்கி நிற்பது; விளிம்புக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி கூடினால் உறை கிழிய வாய்ப்புண்டு. அளவி சரியாக நின்றதால் போல்ட்டில் கை வைக்கவில்லை. தேவையில்லாத வேலையைச் செய்து காசு கேட்காத கடை என்று இதைக் கொண்டே சொல்லலாம்.

இனி குறைகள். கட்டை வேலைக்குச் சொன்ன நாளில் ரைஃபிள் கிடைக்கவில்லை; அதைவிட, எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் தெளிவான விடை இல்லை. ஆயுதத்தைக் கடையில் விட்டதற்கு முறையான ரசீது உண்டு, ஆனால் என்ன வேலை செய்தார்கள் என்பதை எழுதித் தருவதில்லை. பெரியவர் இல்லாத நாளில் மேசையில் இருக்கும் இளைஞருக்கு லாட் என்றாலே எரிச்சல். இரண்டு வெவ்வேறு லாட்டிலிருந்து எண்ணிக்கையைச் சமன்செய்து கட்டிக்கொடுத்துவிட்டார், நான் பிரித்துப் பார்த்துக் கேட்ட பிறகுதான் மாற்றினார். ஆகையால் பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு பேருந்து ஏறுவது நல்லது. குழலைச் சுத்தம் செய்யும் கம்பியும் எண்ணெயும் அங்கே விலை அதிகம். அவற்றை வேறிடத்தில் வாங்கிக்கொள்ளலாம். போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கமிருந்தே கம்பியைச் செலுத்தச் சொல்லி அவர்கள் தரும் அறிவுரைக்கு மட்டும் காசில்லை, அது சரியான அறிவுரையும்கூட. முன்பக்கமிருந்து கம்பி விட்டு விட்டுக் குழல்வாய் தேய்ந்த ரைஃபிளுக்கு எந்த லாட்டும் ஒத்துவராது. வீட்டில் பழைய தோட்டா மிச்சமிருந்து அதைச் சுட்டவர்கள், கேப்பின் உப்பு குழலில் ஈரத்தை இழுக்கும் என்பதால், முதலில் வெந்நீர் விட்டுத் துடைத்து உலர்த்திய பிறகே எண்ணெய் போட வேண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் ஆயுதங்களைக் காவல் நிலையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். என் ரைஃபிளை இந்தக் கடையில்தான் வைக்கிறேன். எண்ணெய் தடவித் துணி சுற்றி நிற்கவைக்கிறார்கள், திரும்ப எடுக்கும்போது துரு இருந்ததில்லை. கட்டை வேலை ஏதும் இருந்தால் அப்போதே சொல்லிவிட்டால், அவர்களுடைய தாமதமும் நமக்கு உறைக்காது.